சிவப்பு வயர் போன இடம்

பெக்கோக் ரயில் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஒரே ஒரு மோட்டார் கார்தான் இருந்தது. துணிக்கூரை போட்ட பழைய வண்டி. தோட்டத்துத் துரை அதை வேறொரு வெள்ளைக்காரரிடம் வாங்கி வைத்திருந்தார். மழைக்காலத்தில் செம்மண் அப்பிக்கொண்டு எருமை மாதிரி வந்து நிற்கும். ஆனாலும் அந்தக் காரின் மேல் அர்ச்சுனனுக்கு ஒரு கண்.

அர்ச்சுனன் தோட்டத்து இஞ்சின் வீட்டில் பிட்டர். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளைகளை ஓட்டுகிற இஞ்சின் அவன் பொறுப்பில் இருந்தது. பதினைந்து வயதில் அந்த இஞ்சினுக்கு விறகு தூக்கிப் போட வந்தவன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்து லாரியை ஓட்டவும் அப்படித்தான் பழகினான். துரையின் பழைய டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, அடுத்தது தான்தான் என்று அர்ச்சுனன் நினைத்தான். வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். அவன் மனைவி வெள்ளையம்மா அதற்காக ஒரு காக்கிச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

துரை சிங்கப்பூரிலிருந்து வேலுவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வேலுவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். லைசென்ஸ் வைத்திருந்தான், காலில் ஷூ போட்டிருந்தான். அவன் மனைவி காளியம்மாவுக்கு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கணக்கில் பெயர் போட்டு, லயத்தின் கோடியில் ஒரு அறை கொடுத்தார்கள். வேலு கெட்டவன் இல்லை. பார்த்த அன்றைக்கே அர்ச்சுனனை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். ஓய்வு நேரத்தில் இஞ்சின் வீட்டுக்கு வந்து நின்று இது என்ன, அது என்ன என்று கேட்பான். அர்ச்சுனன் பாதிக்குப் பதில் சொல்வான், பாதிக்குச் சொல்ல மாட்டான். வெள்ளையம்மா தைத்த காக்கிச் சட்டை டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

1931ஆம் வருஷம் ஆனி மாதத்தில் காரின் பேட்டரி சாக ஆரம்பித்தது. சாயங்காலம் நன்றாக ஓடி வந்து நிற்கிற வண்டி, மறுநாள் காலையில் அசையாது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் பொறி விழாது. நாலு பேர் பேட்டரியைக் கழற்றி இஞ்சின் வீட்டுக்குத் தூக்கி வந்து, டைனமோவில் மாட்டி ஏற்றித் திரும்பப் போடுவார்கள். மூன்று நாள் ஓடும். மறுபடியும் சாகும். துரைக்குக் கோபம் தலைக்கேறியது. ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எந்தச் சின்ன விஷயத்துக்கும் அவர் நிதானம் இழந்துகொண்டிருந்தார்.

"அர்ச்சுனா, நீ பாத்துச் சொல்லு" என்று வண்டியை இஞ்சின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அர்ச்சுனன் டிரைவர் காலடியில் இருந்த பலகையைத் தூக்கிப் பேட்டரியைப் பார்த்தான். டைனமோவைப் பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. பக்கத்தில் குந்தியிருந்த வேலு விரலை நீட்டிக் காட்டினான்.

"அண்ணே, பேட்டரி முனையில ஒரு செவப்பு வயர் வருது பாருங்க. மத்ததெல்லாம் கறுப்பு. இது மட்டும் கீழ ஓட்டையில பூந்து பின்னால போவுது. எங்க போவுதுன்னு எனக்குத் தெரியல."

"பின்லைட்டுக்குப் போற வயர்டா அது."

"பின்லைட்டு வயர் சுவிச்சுலேர்ந்து வருதுண்ணே. இது நேரா பேட்டரியிலேர்ந்து..."

"பத்து வருசமா நான் பாக்குற வேலை இது. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

வேலு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதவன் போல, "இன்னொண்ணுண்ணே. டேசன்லேர்ந்து ஐஸ் பெட்டி ஏத்திட்டு வர்றோமில்ல, புதனும் சனியும். அதுக்கு மறுநாள்தான் சாவுது. மத்த நாள்ல ஒண்ணும் ஆவறதில்ல. நான் கவனிச்சுட்டேன்" என்றான்.

சிங்கப்பூரிலிருந்து துரை வீட்டுக்கு இறைச்சியும் வெண்ணெயும் ஐஸ் போட்ட மரப்பெட்டியில் ரயிலில் வரும். அதைக் காரின் பின் இருக்கையில் வைத்துத்தான் கொண்டுவருவது வழக்கம்.

"ஐஸ் பெட்டிக்கும் பேட்டரிக்கும் என்னடா சம்பந்தம்? ஐஸு கரண்டக் குடிக்குதா?" என்றான் அர்ச்சுனன். இஞ்சின் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேலுவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டு எழுந்து போனான்.

உண்மை என்னவென்றால், அந்தச் சிவப்பு வயர் எங்கே போகிறது என்று அர்ச்சுனனுக்கும் தெரியாது. தெரியாது என்று வேலுவின் முன்னால் சொல்ல அவனால் முடியவில்லை. வேலு காட்டிய இடத்திலிருந்து தொடங்கிப் பார்க்கவும் மனம் வரவில்லை. வண்டியை இரண்டு நாள் இஞ்சின் வீட்டிலேயே சும்மா நிறுத்தி வைத்தான். பேட்டரி சாகவில்லை. மூன்றாம் நாள் பங்களாவுக்குப் போனான்.

"பேட்டரியும் நல்லாருக்குங்க தொரை, டைனமோவும் நல்லாருக்கு. ஆளு விளக்கப் போட்டு வெச்சாத்தான் இப்பிடி ஆவும்."

"வேலு போட்டு வெக்கிறானா?"

தெரியாது என்று சொல்ல அங்கேயும் ஒரு வாய்ப்பு இருந்தது. "வேற யாருங்க தொரை வண்டியத் தொடறாங்க?" என்றான் அர்ச்சுனன்.

அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மற்றதை லயம் சொல்லிக்கொண்டது. வேலு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகையில் சீட்டாடுகிறான் என்றார்கள். பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து யாருக்கோ கரண்ட் விற்கிறான் என்றுகூட ஒருவன் சொன்னான். பேட்டரித் திருடன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆட்குறைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த துரை அதிகம் விசாரிக்கவில்லை. வேலுவின் பெயரையும் காளியம்மாவின் பெயரையும் ஒரே நாளில் ஆள் கணக்கிலிருந்து அடித்தார். மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

அவர்கள் போன காலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வேலு தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். காளியம்மா மூன்று மாதக் கர்ப்பிணி. பின்னால் வந்தவள் இஞ்சின் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அவரு விளக்குப் போட்டு வெச்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் கையில் இருந்த எண்ணெய்த் துணியால் ஏற்கெனவே துடைத்திருந்த சக்கரத்தையே மறுபடியும் துடைத்தான். சத்தத்தில் காதில் விழாதது போல நின்றான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். தூரத்திலிருந்து வேலு, "வா புள்ள, ரயிலு போயிடும்" என்று கூப்பிட்டான். போய்விட்டாள்.

புது டிரைவர் வைக்கத் துரைக்கு மனமில்லை. இஞ்சினையும் பார்த்துக்கொண்டு காரையும் ஓட்டு என்று அர்ச்சுனனிடம் சொல்லிவிட்டார். வெள்ளையம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். தோள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. முதல் நாள் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப் போனபோது, பெக்கோக் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. துரைக்குத் தெரியாமல் ஏற்றிப் போட்டான்.

முந்தின நாள் மாலை விளக்குகள் எல்லாவற்றையும் தானே அணைத்தது அவனுக்கு நினைவிருந்தது. சனிக்கிழமை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டகையைச் சாத்தினான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செத்துக் கிடந்தது. துரை அன்றைக்குக் குளுவாங் போயிருந்தார். நண்பர் ஒருவர் வந்து கூட்டிப் போயிருந்தார். பேட்டரியை ஏற்றி மாட்டி, பள்ளமும் மேடுமான பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு, அர்ச்சுனன் கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, மண்தரையில் கோணி விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான்.

சிவப்பு வயர் பேட்டரி முனையிலிருந்து இறங்கி, தரைப் பலகையின் ஓட்டை வழியாகச் சட்டத்துக்கு வந்திருந்தது. சட்டத்தின் உள்பக்கமாக, வெளியே தெரியாதபடி ஓடியது. சாண் தூரத்துக்கு ஒரு பித்தளைப் பட்டை வைத்து இறுக்கியிருந்தார்கள். செய்தவன் கைகாரன். பிடித்து இழுத்தால் எங்காவது அறுந்துவிடும், அப்புறம் வழி தெரியாது. அதனால் அர்ச்சுனன் ஒவ்வொரு பட்டையாக மண்ணைச் சுரண்டி, பார்த்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தான். நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தில் வயர் காணாமல் போனது. அரைமணி நேரம் தேடினான். சட்டத்துக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. அங்கிருந்து பின்லைட்டுக்குப் போகவில்லை. மேலே திரும்பிப் பின் இருக்கைக்குள் போனது.

எழுந்து வந்து பின் இருக்கை மெத்தையைத் தூக்கி வெளியே வைத்தான். அடியில் ஒரு பலகை. பலகையின் நடுவில், தோல் துண்டு ஒன்றின் கீழ், தட்டையான பித்தளை விசை. கட்டைவிரலால் அழுத்தினான். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. விசை அழுந்தியபடியே நின்றது. துருவில் சிக்கிக்கொண்டு திரும்ப எழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கும் ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் அசையவில்லை.

இருக்கைக்குக் கீழே கருவிகள் வைக்கிற பெட்டி இருந்தது. அதன் பின்சுவர் என்று எல்லாரும் நினைத்திருந்த தகரத்தின் மேல் தற்செயலாகக் கை பட்டது. சூடாக இருந்தது. நாலு திருகாணிகளைக் கழற்றித் தகரத்தை எடுத்தான். உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் ஒரு பெரிய பல்பு, முன்விளக்குக்குப் போடுகிற அளவு, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மரம் சூட்டில் பழுப்பேறியிருந்தது. ஒரு மூலையில் மெழுகுத்துணி வரைபடத்தின் கிழிந்த துண்டு ஒன்று கிடந்தது.

வண்டியின் முந்தைய சொந்தக்காரர் நிலம் அளக்கிற சர்வே துரை என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். இந்த ஊர் ஈரத்தில் வரைபடமும் கருவிகளும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, சூடு கொடுக்கிற மாதிரி அவர் இதைச் செய்து வைத்திருக்க வேண்டும். விசை புதிதாக இருந்தபோது சொன்னபடி கேட்டிருக்கும். இப்போது துருப்பிடித்து, கனமான ஐஸ் பெட்டியை மெத்தையின் நடுவில் வைத்தால் அழுந்தி, அழுந்தியபடியே நிற்கிறது. மூடிய பெட்டிக்குள் பல்பு விடிய விடிய எரிகிறது. அடுத்த நாள் வண்டி ஏதாவது பள்ளத்தில் குதித்தால் விசை எகிறி அணைந்துவிடும். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

வேலு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். வயரைக் காட்டியிருந்தான். கிழமையைக்கூடச் சொல்லியிருந்தான்.

அர்ச்சுனன் அந்தப் பல்பைப் பார்த்தபடி கார்ப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, வயரைப் பேட்டரி முனையில் துண்டித்தான். தகரத்தைத் திரும்பத் திருகினான், மெத்தையைப் போட்டான், சட்டத்தில் இருந்த சாக்கட்டிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தான். அப்போது ஆவணி மாதத்துக் கடைசி.

யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தான். சொன்னால் துரை என்ன செய்வார் என்று அடுத்த நாள் யோசித்தான். வேலுவைத் திரும்பக் கூப்பிடுவார், தன் காக்கிச் சட்டை பெட்டிக்குள் போகும். இல்லையென்றால், ஒரு வயரைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத பிட்டர் எதற்கு என்று தன் பெயரையும் அடிப்பார். இரண்டுக்கும் பயந்தான். வாரங்கள் போயின, தீபாவளி வந்தது. ஒரு நாள் காரில் போகும்போது துரை தட்டிக்கொடுத்து, "நீ வந்த பெறகு பேட்டரி சாகவே இல்ல. அந்த ஆள அனுப்பினது நல்லதாப் போச்சு" என்றார். அன்று மதியம் அர்ச்சுனன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டான்.

வெள்ளையம்மா பல நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். தைப் பொங்கலுக்கு வீட்டை மெழுகிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "என்னா ஆச்சு ஒங்களுக்கு? சொல்லாட்டி நான் எந்திரிக்கப் போறதில்ல" என்றாள். சொன்னான். வயர், விசை, பல்பு எல்லாவற்றையும்.

"இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆவணிக் கடைசியில."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு மாசம்" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. எழுந்து பானையை எடுத்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "வவுத்துல புள்ளையோட போனா அந்தப் பொண்ணு. போயிச் சொல்லுங்க. தொரைக்கிட்டயும் சொல்லுங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க."

தோட்டத்துப் பெரிய கிராணி விசுவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசில் எழுத்து வேலை எல்லாம் அவர் கையில்தான். துரையிடம் எதையும் பேசி வாங்க வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். அர்ச்சுனன் அவரிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாலு மாசமா வாயைத் திறக்கேல்லை நீர்?"

"ஆமாங்கய்யா."

அவர் சற்று யோசித்தார். இரக்கத்தில்தான் சொன்னார். "துரையிட்ட நாள்க் கணக்கெல்லாம் சொல்ல வேண்டாம். இப்பத்தான் கண்டுபிடிச்சனான் எண்டு சொல்லும். உம்மையும் அனுப்பிப்போட்டா உம்மட பெண்சாதி என்ன செய்வா? அவன் திரும்பி வந்தால் காணும்தானே?"

அப்படியே சொன்னார்கள். துரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன வரச் சொல்லு, வேலை தர்றேன்" என்றார். அவ்வளவுதான். அர்ச்சுனன் இஞ்சின் வீட்டோடு இருக்கட்டும் என்றார். அதில் அர்ச்சுனனுக்கு நிம்மதியே ஏற்பட்டது.

வேலு சேனாய்ப் பக்கம் ஓர் அன்னாசித் தோட்டத்தில் இருப்பதாகப் பால் வெட்டுக்காரர்கள் வழியாகச் சேதி கிடைத்தது. அர்ச்சுனன் ஒரு நாள் லீவு வாங்கி ரயிலேறினான். சேனாயில் இறங்கி மூன்று மைல் நடந்தான். இருபக்கமும் முள் முள்ளாக அன்னாசி. வெட்டவெளியில் வெயில் அடித்தது. சாக்குத்துணியைக் கையில் முழங்கை வரை சுற்றிக்கொண்டு வேலு பழம் வெட்டிக்கொண்டிருந்தான். முகம் ஒட்டிப் போயிருந்தது. ஷூ இல்லை. அர்ச்சுனனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"அண்ணே! நீங்களா? அலமாக், இவ்வளவு தூரம் எப்பிடிண்ணே?"

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அர்ச்சுனனுக்கு மறந்து போயின. "வேலு, நீ சொன்னதுதாண்டா சரி. அந்தச் செவப்பு வயருதான்" என்று மட்டும் சொன்னான்.

வேலு இன்னும் பக்கத்தில் வந்தான். பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எங்கண்ணே போச்சு அது?"

அர்ச்சுனன் சொல்லச் சொல்ல, வேலு மண்ணில் குந்திவிட்டான். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, இங்க பேட்டரி, இங்க சட்டம், அப்பறம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுத் தரையில் கோடு போட்டான். விசை இருந்த இடத்தைச் சொன்னதும் குச்சியால் தொடையில் தட்டினான்.

"மெத்தைக்கு அடியிலயா! அதான் ஐஸ் பெட்டி! உள்ளாறவே பல்பு எரிஞ்சா யாருக்குத் தெரியும்? அந்த சர்வே தொரை எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கான் பாருங்கண்ணே!"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு அவன் அன்னாசித் தோட்டத்தில் இல்லை, காருக்கு அடியில் இருந்தான். திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட அர்ச்சுனனால் தாங்கியிருக்க முடியும். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. நல்ல பிட்டராக வந்திருக்க வேண்டியவன் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

"தொரை ஒன்ன வரச் சொல்றாருடா. வேலை தர்றேன்னு சொல்லிட்டாரு. காளியம்மாவையும் கூட்டிக்கிட்டு வா."

வேலு குச்சியைக் கீழே போட்டான். "காளியம்மா போயிட்டாண்ணே, ஊருக்கு. கார்த்திகையில கப்பல்ல ஏத்தி விட்டுட்டேன். எந்த ரப்பர் தோட்டத்துலயும் எடம் குடுக்கல. இந்தக் கொட்டாயில புள்ள பெத்துக்க முடியாதுன்னு அழுதா. வேலையில்லாதவங்கள கவர்மெண்டு காசு வாங்காம ஊருக்கு அனுப்புதுன்னாங்க, அவ பேரக் குடுத்தேன். என் பேரும் குடுத்தாச்சு. மாசியில கூப்புடுவாங்க." கைச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே, "நான் அந்த லயத்துக்கு வந்து எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது? அவ இல்லாம எனக்கு இங்க என்னா இருக்கு?" என்றான்.

அர்ச்சுனன் தரையில் கிடந்த கோடுகளையே பார்த்தான்.

"ஆமா, எப்பண்ணே கண்டுபிடிச்சீங்க?"

வேலு குற்றம் சாட்டும் எண்ணத்தில் கேட்கவில்லை. வேலையைப் பற்றிய ஆசையில்தான் கேட்டான். ஆவணி என்று சொல்ல அர்ச்சுனனுக்கு வாய் திறந்தது. கார்த்திகைக்கு முன்னால் ஆவணி வருகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் கப்பல் ஏறியிருக்க மாட்டாள்.

"போன வாரந்தாண்டா" என்றான்.

"போன வாரமா?" வேலு தலையாட்டினான். "அப்ப நீங்க என்னா பண்ணுவீங்க? அதுக்கு முன்னாடியே அவ போயிட்டாளே. கண்டுபிடிச்ச ஒடனே ஓடி வந்திருக்கீங்க. வேற எவன் வருவான்?" அர்ச்சுனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகள் முழுக்க முள் கிழித்த தழும்புகள். "ஒண்ணு மட்டும் செய்யுங்கண்ணே. பெரட்டுல எல்லாரும் இருக்கையில சொல்லிடுங்க. வேலு திருடன் இல்லன்னு."

பெரட்டு என்பது விடியற்காலையில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். திரும்பி வந்த மறுநாளே அர்ச்சுனன் அங்கே போய்க் கங்காணியிடம் அனுமதி கேட்டு முன்னால் நின்றான். மழை பெய்துகொண்டிருந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். "டிரைவர் வேலு பேட்டரியத் திருடல. வண்டியில ஒரு கெட்ட வயர் இருந்துச்சு. நாந்தான் சரியாப் பாக்கல. தப்பு என்னுது" என்று உரக்கச் சொன்னான்.

கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலுவைத் திருடன் என்று சொல்லித் திரிந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை. ஆட்குறைப்பில் அவர்களும் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்களுக்கு அடுத்தது யார் பெயர் என்ற கவலை. "சரி சரி, பேரு கூப்புடணும்" என்றான் கங்காணி. மழையில் வரிசை கலைந்து ரப்பர் மரங்கள் நின்ற மலைக்காட்டுப் பக்கம் நடந்தது.

மாசியில் வேலு கப்பல் ஏறினான் என்று சேதி வந்தது. கார் ஓட்டும் வேலை அர்ச்சுனனிடமே திரும்பி வந்தது. வேலு வர மாட்டான் என்று தெரிந்ததும் துரை அவனையே மறுபடியும் ஓட்டச் சொல்லிவிட்டார். அவன் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளையம்மா தைத்த காக்கிச் சட்டையை அதன்பிறகு போடவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ரப்பர் விலை ஏறியது. மறுபடியும் ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 1937இல் வந்த ஒரு கூட்டத்தில் சபாபதி என்று ஒருவன் இருந்தான். இஞ்சின் வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டு அனுப்பியிருந்தார்கள். பெயரைக் கேட்டதும் அவன் கண்ணை அகல விரித்தான்.

"அர்ச்சுனன்கிறது நீங்கதானா? எங்க ஊரு வேலு அடிக்கடி சொல்வாருங்க."

"எப்பிடி இருக்கான் வேலு?"

"களை வெட்டப் போறாரு. மோட்டார் ஓட்டுவேன்னு சொன்னா ஊருல எவனும் நம்புறதில்ல. ஒரு பொண்ணு இருக்குது." சபாபதி சிரித்தான். "ஒங்களப் பத்தி நல்லாச் சொல்வாருங்க. தப்பு தெரிஞ்ச வாரமே ரயிலேறி வந்து என்னத் தேடிப் புடிச்சாருன்னு. மனுசன்னா அப்பிடி இருக்கணும்னு அந்தப் புள்ளைக்கே கதை சொல்வாரு."

அர்ச்சுனன் அன்று சாயங்காலமே கிராணியின் ஆபீசுக்குப் போனான். கடுதாசி ஒன்று எழுத வேண்டும் என்றான். விசுவலிங்கத்துக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுதிக்கொண்டே வந்தவர், "போன வாரம் என்று உன்னிடம் சொன்னது பொய். ஆவணியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு இது தேவைதானோ?"

"எழுதுங்கய்யா."

"நானும்தானே உமக்கு அப்பிடிச் சொல்லித் தந்தனான்" என்று முணுமுணுத்தார். ஆனால் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டி, அவரே தபாலில் சேர்த்தார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியது ஊர் வாத்தியார். சொல்லி எழுதச் சொன்னவள் காளியம்மா. கிராணி வாசித்தார்.

"கடுதாசி வந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். வாத்தியார் எனக்குத்தான் படித்துக் காட்டினார். அவரிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது உங்களைப் பற்றிய அந்த ஒரு நல்ல நினைப்பு மட்டும்தான். அதையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. அன்றைக்கு இஞ்சின் சத்தத்தில் நான் கேட்டது உங்களுக்குக் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். இனிமேல் எழுத வேண்டாம்."

கிராணி தாளை மடிக்காமல் கையில் வைத்திருந்தார். "இன்னொருக்கா வாசிக்கவோ?" என்று கேட்டார்.

"வேணாங்கய்யா" என்றான் அர்ச்சுனன்.

அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. சபாபதி மட்டும் இஞ்சின் வீட்டில் புதிதாக வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். சொல்லி முடித்ததும் அவர்கள் அர்ச்சுனனை மரியாதையாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அர்ச்சுனன் வேலையை நிறுத்திவிட்டு, "போன வாரமில்லப்பா, நாலு மாசம்" என்பான். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அடக்கத்தில் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மரியாதை கூட்டிவிடுவார்கள்.